எலியட் துரைக்கு: வால்டேர் கரையில் கிடைத்த சப்பை மூக்கு பற்றி

மதிப்பிற்குரிய வால்டர் எலியட் துரை அவர்களுக்கு,

வணக்கம். மதராஸ் மாகாணத்தில் கம்பெனி அதிகாரியாக இருந்து, ஓய்வு நேரத்தில் காசும் கல்வெட்டும் விலங்கும் ஆராய்ந்த நீங்கள் 1887-லேயே ஸ்காட்லாந்தில் கண்ணை மூடிவிட்டீர்கள். ஆகவே இது தாமதமாக வரும் கடிதம்தான். ஆனால் உங்களிடம் சேர்க்க வேண்டிய செய்திகள் நிறைய இருக்கின்றன. வேறு யாரிடம் சொன்னாலும் பாதியிலேயே கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

சென்னையில் எலியட் என்று சொன்னால் எல்லோரும் பெசன்ட் நகர்க் கடற்கரையைத்தான் காட்டுவார்கள். அது உங்கள் பெயர் என்று நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லையாம், காவல்துறைப் பொறுப்பில் இருந்த எட்வர்ட் எலியட்டின் பெயராம். உங்களுக்குக் கடற்கரை இல்லை. அமராவதிச் சிற்பங்களுக்கு உங்கள் பெயர் ஒட்டியது, ஒரு மர மூஞ்சூற்றுக்கு ஒட்டியது, அவ்வளவுதான். நான் பழைய காசு சேர்ப்பவன். தென்னிந்திய நாணயங்களைப் பற்றிக் கண்பார்வை மங்கிய முதுமையில் நீங்கள் எழுதிய நூல் வழியாகத்தான் உங்களிடம் வந்தேன். காசைத் தேடிப் போனவனுக்குத் திமிங்கிலம் கிடைத்தது.

சென்ற ஆண்டு உறவினர் திருமணத்துக்காக விசாகப்பட்டினம் போயிருந்தேன். முகூர்த்தம் முடிந்ததும் வால்டேர்ப் பக்கம் கரையோரமாக நடந்தேன். ஐஸ்கிரீம் வண்டிகள், குதிரைச் சவாரி, நீர்மூழ்கிக் கப்பல் அருங்காட்சியகம் என்று எல்லாம் இருந்தன. 1853-ல் இங்கே கிடைத்த ஒரு குட்டைத் திமிங்கிலத்தின் எலும்பை நீங்கள் பத்திரப்படுத்தியதற்கு எங்கும் ஓர் அடையாளம் என் கண்ணில் படவில்லை. நீங்கள் அனுப்பிய எலும்புகளை லண்டனில் வைத்துப் பார்த்த விலங்கியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1866-ல் அதற்கு 'சிமுஸ்' என்று பெயர் சூட்டினார். இலத்தீனில் அதற்குச் சப்பை மூக்கு என்று பொருள். எண்ணெய்த் திமிங்கிலத்தை (ஆங்கிலத்தில் ஸ்பெர்ம் வேல்) போலவே மண்டை, ஆனால் ஆள் உயரத்தைக் கொஞ்சம் மிஞ்சிய உடம்பு. அதே கட்டுரையில், விசாகப்பட்டினம் துறைமுகத்திலேயே கிடைத்த இன்னொன்றுக்கும் அவர் பெயரிட்டார். அதைத்தான் இன்று ஐராவதி ஓங்கல், அதாவது ஐராவதி டால்பின் என்கிறோம். ஒரு துறைமுகம், இரண்டு புது இனங்கள். அதே ஆண்டில்தான் உங்களுக்கு 'சர்' பட்டமும் வந்தது. எது பெரிய மரியாதை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். உங்கள் சப்பை மூக்கை அறிஞர்கள் தள்ளிவிட்டார்கள். நன்னம்பிக்கை முனையில் கிடைத்த ஒன்றை வைத்து பிளான்வில் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் 1838-லேயே 'பிரெவிசெப்ஸ்', அதாவது குறுந்தலை என்று பெயரிட்டிருந்தார் அல்லவா? இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டி, உங்களுடையதை அதற்குள் போட்டு மூடிவிட்டார்கள். ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அப்படியே கிடந்தது. 1966-ல்தான் ஹாண்ட்லி என்ற அமெரிக்க விலங்கியலாளர் எலும்புகளைப் பரப்பிவைத்து, இவை இரண்டும் வேறுவேறு இனங்கள் என்று நிறுவினார். உங்களுடையது அதிகம் போனால் 2.7 மீட்டர் நீளம் இருக்கும். அதன் முதுகுத் துடுப்பு உயரமானது, நடுமுதுகில் நிற்பது. குறுந்தலை இன்னும் சற்றுப் பெரியது. அதன் துடுப்பு சிறியது, பின்னால் தள்ளி இருப்பது. இரண்டுக்கும் கண்ணுக்குப் பின்னால் செவுள் போல ஒரு வளைகோடு உண்டு. கீழ்த்தாடை உள்ளடங்கியிருப்பதால் பார்ப்பவர் சுறா என்று ஏமாறுவார். பயந்தால் கணவாய் மை விடுவதைப் போலக் குடலிலிருந்து செம்பழுப்பு நீரைக் கக்கிக் கடலைக் கலக்கிவிட்டு ஓடிவிடும். தின்பதும் கணவாய், செய்வதும் கணவாய் வித்தை.

இரண்டுக்கும் பொதுவான பேரினப் பெயர் 'கோகியா'. 1846-ல் இதைச் சூட்டிய ஆங்கிலேய விலங்கியலாளர் கிரே, ஏன் சூட்டினார் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இன்றுவரை ஊகம்தான். குழந்தைக்குப் பெயர் வைத்துவிட்டுக் காரணம் சொல்லாமல் போன தாத்தாவைப் போல.

இப்போது உங்களுக்குப் பிடித்த செய்தி. மரபணுவைப் படிக்கும் கலை ஒன்று உங்களுக்குப் பின் வந்தது. அதை வைத்துப் பார்த்ததில், சப்பை மூக்கே அட்லாண்டிக்கில் ஒன்றும் இந்திய, பசிபிக் கடல்களில் வேறொன்றுமாக இரண்டு இனங்களாக இருக்கலாம் என்ற ஐயம் 2005-ல் எழுந்தது. இன்னும் தீர்ப்பு வரவில்லை. ஒருவேளை பிரிந்தால், 'சிமா' (ஓவனின் 'சிமுஸ்' இன்று இப்படித்தான் எழுதப்படுகிறது) என்ற பெயர் யாருக்குப் போகும் தெரியுமா? நம் பக்கத்துக்குத்தான். பெயர் எந்த எலும்பை வைத்துச் சூட்டப்பட்டதோ அந்த எலும்போடுதான் அது போகும் என்பது விதி. அட்லாண்டிக்காரர் புதுப்பெயர் தேடிக்கொள்ள வேண்டும். வால்டேரில் நீங்கள் பத்திரப்படுத்திய ஒரு மண்டையோடு, நாளைக்குப் பாதி உலகத்தின் பட்டாவைத் தீர்மானிக்கும்.

பெரிய எண்ணெய்த் திமிங்கிலத்துக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உயிர்களுக்கு இலத்தீன் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-ல் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தால் போதும், நான்கு வைத்தார். பெருந்தலையன் என்று ஒன்று, கீழ்ப்பல்லன் என்று ஒன்று, சிறுகண்ணன் என்று ஒன்று, 'டர்சியோ' என்று ஒன்று. நான்கையும் ஊதுபவன் என்று பொருள்படும் 'ஃபைசீட்டர்' பேரினத்தில் அடுக்கினார். அவர் கண்ணால் கண்டு வைத்தவை அல்ல, முன்னோர் எழுதிவைத்த குறிப்புகளைப் பார்த்து வைத்தவை. கீழ்ப்பல்லனுக்கு ஆதாரம் உங்கள் ஊர்க்காரர் ராபர்ட் சிபால்டு எழுதிய குறிப்பு. ஆர்க்னித் தீவில் கூட்டமாக ஒதுங்கிய அந்தப் பிராணிகள் எண்ணெய்த் திமிங்கிலங்கள்தானா என்றே பிறகு கேள்வி வந்தது.

நான்கும் ஒன்றே என்று தெளிந்த பிறகு, எந்தப் பெயரை வைத்துக்கொள்வது என்று சண்டை தொடங்கியது. 1911-ல் ஓல்ட்ஃபீல்ட் தாமஸ் என்ற ஆங்கிலேய விலங்கியலாளர் கீழ்ப்பல்லன் பக்கம் நின்றார். 1974-ல் ஹுஸன், ஹோல்தைஸ் என்ற இரு டச்சு அறிஞர்கள் பெருந்தலையனுக்கு வாதாடி, அந்தப் பெயரை 1598-ல் நெதர்லாந்தின் பெர்க்ஹே கரையில் ஒதுங்கிய ஒரு திமிங்கிலத்தோடு முடிச்சுப் போட்டார்கள். அதன் எலும்பு இல்லை, அதைப் பற்றிய எழுத்துதான் இருக்கிறது. 1980-களிலும் இது பற்றிக் கட்டுரையும் மறுகட்டுரையும் பறந்தன. இன்று பெரும்பாலோர் பெருந்தலையன் என்றே எழுதுகிறார்கள். எனக்கும் அதுவே சரி. உடம்பில் மூன்றில் ஒரு பங்கு தலையாக இருக்கும்போது பல்லைப் பார்த்தா பெயர் வைப்பது?

துரை அவர்களே, என்னை உறுத்துவது வேறு. பெர்க்ஹேயில் ஒதுங்கியது ஆண். வடகடலில் ஒதுங்குபவை ஏறத்தாழ எல்லாமே ஆண்தான். 2016 ஜனவரி, பிப்ரவரியில் ஜெர்மனி, நெதர்லாந்து, இங்கிலாந்து, பிரான்ஸ், டென்மார்க் கரைகளில் முப்பது எண்ணெய்த் திமிங்கிலங்கள் வரிசையாக ஒதுங்கி இறந்தன. அத்தனையும் இளம் ஆண்கள். காரணம் அவற்றின் வாழ்க்கை முறை. பெண்களும் குட்டிகளும் கடல்மேல் வெப்பம் 15 டிகிரிக்குக் குறையாத நீரிலேயே இருக்கும். பெரும்பாலும் 40 டிகிரி அட்சக் கோட்டைத் தாண்டுவதில்லை. பாட்டி, தாய், மகள், பேத்தி என்று ஒரே குடும்பம். தாய் கணவாய் தேடி ஆயிரம் மீட்டர் ஆழத்துக்கு இறங்கினால் குட்டியோடு மற்றவர் மேலே நிற்பார்கள். ஆண்கள் மட்டும் வளர்ந்ததும் வீட்டை விட்டு, வயது ஏற ஏற இன்னும் குளிரான நீருக்குப் போய், கடைசியில் பனிக்கட்டி விளிம்பு வரை செல்கின்றன. நார்வேயின் ஆண்டெனஸிலும் நியூசிலாந்தின் கைகூராவிலும் படகில் போய் மக்கள் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஆண்களைத்தான். பதினாறு மீட்டர் வரை வளர்ந்து, பிறகு இணை தேடி வெப்பக் கடலுக்குத் திரும்பும். நம் பழைய இலக்கணத்தில் இதற்குப் பெயரே இருக்கிறது: பொருள்வயிற் பிரிவு.

ஆக, ஐரோப்பா தன் வாசலில் பார்த்ததெல்லாம் பிழைப்புக்கு வந்த ஆண்களை. அதில் ஒருவனை வைத்து இனத்துக்கே பெயர் எழுதிவிட்டது. பதினொரு மீட்டர்ப் பெண்ணும் குட்டியும் இருந்தது உங்கள் வங்கக் கடல் பக்கம். திருகோணமலையில் துறைமுக வாய்க்கு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு இறங்குவதால், ஆழ்கடல் பிராணி கரைக்குப் பக்கத்தில் வரும். 1980-களின் தொடக்கத்தில் 'டூலிப்' என்ற பாய்மரப் படகில் வந்த திமிங்கில ஆய்வாளர் ஹால் வைட்ஹெட்டும் கூட்டாளிகளும் அந்தக் கடலில்தான் உயிரோடிருக்கும் எண்ணெய்த் திமிங்கிலங்களைப் பின்தொடர்ந்து படித்தார்கள். 1979-லேயே இந்தியப் பெருங்கடல் திமிங்கிலப் புகலிடமாக அறிவிக்கப்பட்டிருந்தது.

உலகம் முழுவதும் ஒரே இனம்தான். பனி விளிம்பிலிருந்து நடுக்கோடு வரை, ஆழம் இருந்தால் போதும். மத்தியதரைக் கடலில் தனிக் கிளை ஒன்று உண்டு, கருங்கடலுக்குள் இல்லை. இதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் கசப்பு. 1935-ல் சார்லஸ் டவுன்சென்ட் என்ற விலங்கியலாளர் அமெரிக்க வேட்டைக் கப்பல்களின் நாட்குறிப்புகளைப் புரட்டி, எந்த நாளில் எங்கே கொன்றார்கள் என்று புள்ளி புள்ளியாக உலகப் படத்தில் வைத்தார். 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட எண்ணெய்த் திமிங்கிலங்கள். அழகான படம், கோலம் போலவே இருக்கும். ஆனால் அது திமிங்கிலம் வாழ்ந்த இடத்தின் படமா, கப்பல் போன இடத்தின் படமா? காற்று சாதகமாக இல்லாத இடத்தில் புள்ளி இல்லை. உங்கள் சப்பை மூக்குக்கும் இதே கதைதான். நீர்மேல் அசையாமல் மிதந்து, சத்தமில்லாமல் மூழ்கிவிடும் அந்தப் பிராணியைக் கடலில் கண்டவர் மிகக் குறைவு. வெப்பக் கடல் எங்கும் இருக்கிறது என்று நூல்கள் சொல்வது பெரும்பாலும் கரையில் ஒதுங்கியவற்றை வைத்து. அதாவது, எந்தக் கரையில் உங்களைப் போல ஒருவர் நடந்தாரோ அந்தக் கரையில் அது 'இருக்கிறது'.

வகைப்பாட்டில் இன்னும் சில கலகங்கள் நடந்தன. 1993-ல் ஒரு மரபணு ஆய்வு, எண்ணெய்த் திமிங்கிலம் பல்லுள்ள கூட்டத்தைச் சேர்ந்ததல்ல, பல்லில்லாத பெருந்திமிங்கிலங்களுக்குத்தான் நெருக்கம் என்றது. பிறகு வந்த ஆய்வுகள் அதைத் திரும்பப் பழைய இடத்திலேயே கொண்டுபோய் வைத்தன. பெரியதற்கு ஒரு குடும்பம், கோகியா இரண்டுக்கும் ஒரு குடும்பம், மூன்றும் சேர்ந்து ஒரே பெருங்குடும்பத்தின் மிச்சம். செத்துப்போன உறவினர் பட்டியல் நீளமானது. பெரு நாட்டுப் பாலைவனத்தில் 36 சென்டிமீட்டர்ப் பல்லோடு ஒன்று கிடைத்தது. 2010-ல் அதற்கு 'லெவியாதன்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயரை யாரோ ஒருவர் பழைய யானை எலும்பு ஒன்றுக்கு எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார் என்று தெரிந்து, அதே ஆண்டில் ஹீப்ரு உச்சரிப்புப்படி 'லிவியாடன்' என்று மாற்றினார்கள். பத்திரப் பதிவு அலுவலகத்தில் வில்லங்கச் சான்று பார்க்காமல் மனை வாங்கிய கதை.

அவை தம்மைத் தாமே எப்படி வகைப்படுத்திக்கொள்கின்றன என்பது வேறு. தட்டொலிகளால் பேசுகின்றன. கிழக்குக் கரீபியனில் ஒரு குலம் 'டக்... டக்... டக்டக்டக்' என்று தட்டும். அதே கடலில் வேறு தாளம் தட்டும் குலத்தோடு அது கலந்து பழகுவதில்லை. மரபணுவில் இரண்டும் ஒரே இனம். ஓவனின் அளவுகோலில் இது ஏறாது.

எங்கள் மொழியிலும் குழப்பம்தான். 2016-ல் அதே ஜனவரியில், திருச்செந்தூர் அருகே எண்பதுக்கு மேற்பட்டவை கரை ஏறின. எல்லாப் பத்திரிகைகளும் திமிங்கிலம் என்றன. அவை உண்மையில் ஓங்கல் குடும்பத்தைச் சேர்ந்தவை. திமி என்றால் பெருமீன், அதை விழுங்குவது திமிங்கிலம், அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம் என்று யார் யாரை விழுங்குவார் என்ற முறையில் வகுத்த மரபு எங்களுடையது. சிலர் 'விந்துத் திமிங்கிலம்' என்று மொழிபெயர்க்கிறார்கள். தலைக்குள் இருக்கும் மெழுகெண்ணெயை விந்து என்று நினைத்த பழைய மாலுமிகளின் தவறுக்கு நாம் ஏன் தமிழில் வாரிசாக வேண்டும்? உங்கள் எழுத்து மேசையில் எரிந்த மெழுகுவத்தியில்கூட அந்த எண்ணெய் இருந்திருக்கலாம். எண்ணெய்த் திமிங்கிலம் என்றே நான் எழுதுகிறேன்.

ஒன்று கேட்க வேண்டும். 1853-ல் அதைக் கடலிலிருந்து கொண்டுவந்தவர் யார்? வலையில் சிக்கியதா, அலை தள்ளியதா? அதற்கு அவர்கள் தெலுங்கில் ஒரு பெயர் வைத்திருப்பார்களே, அதற்கு ஓவன் வைத்ததைவிட வயது அதிகம் இருந்திருக்குமே. எலும்போடு கட்டி அனுப்பிய சீட்டில் உங்கள் பெயருக்குக் கீழே வேறு ஏதாவது எழுதினீர்களா? நண்பர் ஒருவர் வரும் மாதம் லண்டன் போகிறார். அருங்காட்சியகத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
சென்னையிலிருந்து ஒரு காசுப் பித்தன்