செயலாளர் ஆண்டறிக்கை: 18 வயசுல கை மாறுற பிள்ளைங்க

உறுப்பினர்கள் எல்லாருக்கும் வணக்கம்.

வழக்கமா ஆண்டறிக்கைன்னா கூட்டம் நடந்துச்சு, தீர்மானம் போட்டோம், நன்றின்னு முடிச்சிருவோம். அதெல்லாம் இந்த வருஷமும் நடந்துச்சு, மாசக் கூட்டம் ஒண்ணுகூட தவறல, வரவு செலவ பொருளாளர் தனியா வாசிப்பாங்க. நான் அதுக்குள்ள போகல. நம்ம நேரத்துல பாதிக்கு மேல எடுத்துக்கிட்ட ஒரே வேலையப் பத்தி, அதாவது மனநல சிகிச்சையில இருக்கிற பிள்ளைங்க 18 வயசுல பிரிவு மாறும்போது கூட நிக்கிறதப் பத்தி மட்டும் கொஞ்சம் விரிவா சொல்றேன், பொறுமையா கேளுங்க.

குழந்தைங்க மனநலப் பிரிவுல சிகிச்சையில இருக்கிற பிள்ளைங்க 18 வயசு ஆனதும் பெரியவங்க பிரிவுக்கு மாறணும். கேட்டா சாதாரணமாத்தான் தெரியும், ஒரு லெட்டர், ஒரு ஃபைல், ஒரு புது டாக்டர், அவ்ளோதானேன்னு. ஆனா பன்னெண்டு பதிமூணு வயசுலேர்ந்து ஒரே ரூம், ஒரே டாக்டர், முகத்தப் பார்த்தே இன்னைக்கு எப்படி இருக்கேன்னு கண்டுபிடிக்கிற ஒரு சோஷியல் வொர்க்கர்னு பழகின பிள்ளைக்கு, ஒரு பிறந்தநாள் வந்ததும் அத்தனையும் போயிருது. அதுவும் எந்த வயசுலன்னு பாருங்க, பரீட்சை, காலேஜ், வேலை, வீட்ட விட்டு வெளிய தங்கறதுன்னு எல்லாம் ஒண்ணா வந்து விழற வயசு. 2021ல 192 ஆய்வுகள ஒண்ணா சேர்த்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு வந்துச்சு. மனநலப் பிரச்சினை ஆரம்பிக்கிறது 14, 15 வயசுலதான் உச்சம், 100க்கு 62 பேருக்கு 25 வயசுக்குள்ளயே ஆரம்பிச்சிருதுன்னு அதுல இருக்கு. அதாவது ஆள் ரொம்பத் தேவைப்படற காலத்துக்கு நட்ட நடுவுல கொண்டு போய் கோடு போட்டு வச்சிருக்கோம்.

இங்கிலாந்துல இதுக்குன்னே ட்ராக்னு ஒரு ஆய்வு நடத்தி 2010ல முடிவ வெளியிட்டாங்க. மாற்றம் நல்லபடியா நடந்துச்சுன்னு சொல்ல அவங்க நாலு விஷயம் வச்சிருந்தாங்க. தகவல் முழுசா போய்ச் சேரணும், ரெண்டு பக்கத்து ஆளுங்களும் கொஞ்ச நாள் சேர்ந்தே பார்க்கணும், பிள்ளைய வச்சுக்கிட்டு ஒரு தடவையாவது உக்காந்து பேசணும், போன இடத்துல சிகிச்சை விட்டுப்போகாம தொடரணும். இந்த நாலும் கிடைச்சது 100க்கு 5 பேருக்குக்கூட இல்ல. படிச்சப்ப எனக்கு ரெண்டு நாள் மனசே சரியில்ல. கடுமையான நோய் இருக்கிறவங்க, ஆஸ்பத்திரியில தங்கி சிகிச்சை எடுத்தவங்க எப்படியோ அந்தப் பக்கம் போயிடுறாங்க. பதட்டம், மனச்சோர்வு, ஏடிஎச்டி (கவனம் நிக்காம துறுதுறுன்னு இருக்கிற பிரச்சினை), ஆட்டிசம்னு இருக்கிற பிள்ளைங்கதான் அதிகமா நடுவுலயே விட்டுப்போறாங்க, "உங்க பிரச்சினை எங்க பிரிவுக்கு வராது"ன்னு ஒரே வரியில பதில் வந்துடும். அந்த பதில கையில வச்சுக்கிட்டு நம்ம ஆஃபீஸ் வாசல்ல நின்ன அப்பா அம்மாங்க முகம் உங்கள்ல பல பேருக்கு ஞாபகம் இருக்கும்.

நம்ம பக்கம் நடந்த ஒரு தப்பையும் இங்க பதிவு பண்ணணும். ஒரு பையன், அவனுக்கான பேப்பர் எல்லாம் நாமதான் முன்னாடியே சரிபார்த்து அனுப்பினோம், ஃபைல் பெரியவங்க பிரிவுக்குப் போய்ச் சேர்ந்துச்சுன்னு தெரிஞ்சதும் நம்ம வேலை முடிஞ்சுதுன்னு அடுத்த பிள்ளையப் பார்க்கப் போயிட்டோம். அவன் படிக்கப் போய் ஹாஸ்டல்ல இருக்கான், அப்பாயின்ட்மென்ட் லெட்டர் வீட்டுக்குப் போகுது, ரெண்டு தடவ வரலன்னதும் கேஸ க்ளோஸ் பண்ணிட்டாங்க. பழைய இடத்துல குடுத்த மாத்திரை தீர்ந்துபோச்சு, புதுசா எழுதிக் குடுக்க யாரும் இல்ல. மனச்சோர்வு மாத்திரைய திடீர்னு நிறுத்தக் கூடாதுன்னு நமக்கெல்லாம் தெரியும், அவனுக்கு யாரும் சொல்லல. தலைசுத்தல், தூக்கமில்ல, தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி இருக்குன்னு ஒரு ராத்திரி அவனே ஃபோன் பண்ணினான், அதுக்கப்புறம்தான் நமக்கே விஷயம் தெரியும். அந்தப் பிரிவு மேல கோபம் வந்துச்சு, வரலன்னா ஏன் வரலன்னு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாம். ஆனா அதே ஃபோன நாமும் போடல. மறுபடி பதிவு பண்ணி டாக்டர் முன்னாடி அவன உக்கார வைக்க வாரக்கணக்குல ஆச்சு. இப்ப தேறி வர்றான், செமஸ்டரும் எழுதிட்டான்.

அதுக்கப்புறம்தான் செயற்குழுவுல ஒரு முடிவ எடுத்தோம். பிரிட்டன்ல சிகிச்சை எப்படி இருக்கணும்னு வழிகாட்டுற நைஸ் அமைப்பு 2016ல குடுத்த வழிகாட்டுதல்ல தெளிவா ஒண்ணு இருக்கு, பேர் சொல்லி ஒரு ஆள் பொறுப்பா இருக்கணும், அதே ஆள் மாறுறதுக்கு முன்னாடி குறைஞ்சது 6 மாசம், மாறின பிறகு 6 மாசம் கூட இருக்கணும்னு. மாறுறதப் பத்தின பேச்ச 13, 14 வயசுலயே ஆரம்பிக்கணும்னும் அதுலயே இருக்கு. நாம அந்த 6 மாசத்த மட்டும் முதல்ல எடுத்துக்கிட்டோம். இப்ப நம்மகிட்ட வர்ற ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சோஷியல் வொர்க்கர் பேர் இருக்கு, அந்தப் பக்கத்து முதல் மூணு விசிட்டுக்கு அவங்க கூடவே போறாங்க, பிள்ளையோட சொந்த நம்பருக்கும் இப்ப தங்கியிருக்கிற அட்ரஸுக்கும்தான் லெட்டர் வரணும்னு கவுண்டர்ல நின்னு மாத்திக் குடுக்கிறாங்க, கையில எத்தன நாளுக்கு மாத்திரை இருக்குன்னு கேட்டு எழுதி வச்சுக்கிறாங்க.

ஒரு பொண்ணப் பத்தி சொல்லணும், அதுகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன். ஒவ்வொரு புது டாக்டர்கிட்டயும் முதல்லேர்ந்து எல்லாத்தையும் சொல்ல வேண்டியிருக்கு, சொல்லச் சொல்ல பழையபடி ஆகுதுன்னு அழுதுச்சு. நம்ம சனிக்கிழமை பயிற்சியில அதுகிட்ட ஒரே ஒரு பக்கம் எழுதச் சொன்னோம், நோயப் பத்தி இல்ல, தன்னப் பத்தி. மூணு தடவ கிழிச்சுப் போட்டுட்டு நாலாவதா எழுதுன பக்கத்துல முதல் வரியே "எனக்கு பேச்சு வரலன்னா அது திமிர் இல்ல, அஞ்சு நிமிஷம் குடுங்க"ன்னு இருந்துச்சு. அத நாலா மடிச்சு ஃபோன் கவருக்குப் பின்னாடி சொருகி வச்சுக்கிச்சு. பெரியவங்க பிரிவுல முதல் நாள், வெயிட்டிங் ஹால்ல சுத்தி எல்லாரும் அதோட அப்பா வயசு, அதுல ஒருத்தர் தனக்குத்தானே சத்தமா பேசிக்கிட்டு இருந்தாரு, பொண்ணு நம்ம ஆளோட துப்பட்டா நுனியப் பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்துச்சாம். உள்ள போனதும் பேச்சு வரல. கவரக் கழட்டி அந்தப் பேப்பர எடுத்து மேஜையில வச்சுது. டாக்டர் படிச்சிட்டு பேனாவ கீழ வச்சுட்டு சும்மா உக்காந்திருந்தாங்களாம், அஞ்சு நிமிஷத்துக்கு மேலயே. அப்புறம் அதுவே பேச ஆரம்பிச்சுது. அந்த டாக்டருக்கு இந்த அறிக்கை வழியா நம்ம சங்கத்தோட நன்றி.

அம்மா அப்பாங்களுக்குன்னு தனியா உக்காந்து பேசினதும் இந்த வருஷம்தான் முதல் தடவ. நேத்து வரைக்கும் மாத்திரை எடுத்துக் குடுத்து, டாக்டர் பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் கேட்டவங்கள, 18 ஆனதும் "நீங்க வெளிய இருங்கம்மா"ன்னு சொல்லிடறாங்க. சட்டப்படி சரிதான், பிள்ளை சம்மதிச்சாத்தான் விஷயத்த சொல்ல முடியும், அந்த உரிமை பிள்ளைக்கு வேணும்னுதான் நானும் நினைக்கிறேன். ஆனா முன்கூட்டியே யாரும் சொல்லாததால அந்தக் கதவு சாத்துறது அவங்களுக்கு அவமானமா போயிடுது. வீட்டுல பிள்ளையும் பெத்தவங்களும் உக்காந்து எத சொல்லலாம், எது டாக்டருக்கும் எனக்கும் நடுவுல மட்டும்னு முன்னாடியே பேசி வச்சுக்கிட்டா பாதி சண்டை வராது, இத பல வீட்டுல கண்ணால பார்த்துட்டோம்.

அடுத்த வருஷத்துக்கு ரெண்டு கோரிக்கை. கூடப் போறதுக்கு ஆள் பத்தல, மாசத்துல ஒரு நாள் காலைய ஒதுக்கக்கூடியவங்க கூட்டம் முடிஞ்சதும் என்கிட்ட பேர் குடுங்க, ஒருத்தர் பேர் குடுத்தா ஒரு வருஷம் அதே பிள்ளைக்குத்தான், நடுவுல மாத்த மாட்டோம். ரெண்டாவது, பேச்ச 17ல ஆரம்பிக்கிறது லேட்டு, 15லயே தொடங்கணும், குழந்தைங்க பிரிவோட இதப் பத்தி பேச மூணு பேர் குழு போட அனுமதி கேக்கறேன்.

17 வயசுப் பிள்ளைங்களுக்கு அடுத்த மாசம் நடக்கிற சனிக்கிழமை பயிற்சிக்கு அந்தப் பொண்ணே வந்து பேசறேன்னு சொல்லியிருக்கு. நாற்காலி மட்டும் கதவுப் பக்கமா போடச் சொல்லுச்சு, போட்டுடுவோம்.

இப்படிக்கு,
செயலாளர்