பிஸ்டனை முதலில் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், பழைய காரின் என்ஜினை வீட்டிலேயே பிரித்து வேலை பார்ப்பவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சந்தோஷமாகப் படித்தேன். ஆனால் கட்டுரைக்குப் பக்கத்திலேயே கட்டம் கட்டி, ‘முதலில் வாங்க வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். பிஸ்டன் செட், ரிங் செட், பேரிங் செட் மூன்றும் அதில் முதல் மூன்று இடங்களில் இருந்தன. அதை நம்பி யாராவது பையைத் தூக்கிக்கொண்டு ஜி.பி. ரோட்டு ஸ்பேர் கடைகளுக்குக் கிளம்பிவிடக் கூடாதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் படியில் ஒரு போல்ட் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். வீட்டில் இருப்பது 1984 மாடல் அம்பாசிடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி. அதன் 1489 சிசி என்ஜினைத் தம்பி மகனோடு சேர்ந்து போன வருஷம் எங்கள் போர்டிகோவில் இறக்கினேன். பிரித்த பிறகு நெடுநாள் எந்த ஸ்பேரும் வாங்கவில்லை. பையனுக்குப் பொறுமை போய்விட்டது. “பெரியப்பா, பிஸ்டனாவது ஆர்டர் போட்டுடலாமே” என்று நச்சரித்துக்கொண்டே இருந்தான்.

போட முடியாது. எந்த சைஸ் என்று தெரிந்தால்தானே போடுவது? புதிதாக இருந்தபோது இந்த என்ஜினின் சிலிண்டர் விட்டம் 73.025 மி.மீ., அதாவது 2 7/8 அங்குலம். ஓட ஓட, மேல் ரிங் வந்து திரும்பும் இடத்தில் தேய்மானம் அதிகமாக இருக்கும், அடியில் குறைவாக இருக்கும். அதனால் ஒவ்வொரு சிலிண்டரையும் மேலே, நடுவே, கீழே என்று மூன்று இடத்தில், நீளவாக்கிலும் குறுக்கிலும் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) விட்டு அளக்க வேண்டும். எங்கள் வண்டியில் மூன்று சிலிண்டர் 20 தௌ பெரிதாகக் கடைந்தால் சுத்தமாகிவிடும் (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டாவது சிலிண்டரில் மட்டும் ஆழமான கீறல். நாலும் ஒரே சைஸில் இருக்க வேண்டும் என்பதால் நாலுக்கும் 40 தௌ பிஸ்டன் எடுக்க வேண்டியதாயிற்று. பையன் பேச்சைக் கேட்டு 20 வாங்கியிருந்தால் அது ஷோகேஸில்தான் இருந்திருக்கும். பெட்டியைப் பிரித்த பிஸ்டனை எந்தக் கடைக்காரரும் திரும்ப எடுப்பதில்லை.

இன்னொன்று. சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங் பட்டறையில் பிளாக்கை (சிலிண்டர்கள் இருக்கும் என்ஜின் உடலை) மட்டும் கொடுத்து “40 சைஸ் போட்டு வையுங்க” என்று சொல்லிவிட்டு வருவது சரியில்லை. பிஸ்டனையும் கையில் கொடுக்க வேண்டும். நல்ல பட்டறைக்காரர் ஒவ்வொரு பிஸ்டனின் ஸ்கர்ட்டையும் (கீழ்ப்பக்கச் சுவரையும்) மைக்ரோமீட்டரில் பிடித்துப் பார்த்து, அந்தப் பிஸ்டனுக்கு எவ்வளவு இடைவெளி வேண்டுமோ அதை விட்டு அந்த ஓட்டையைத் தேய்ப்புக் கல்லால் ஹோனிங் செய்து, நம்பர் போட்டுக் கொடுப்பார். அதாவது அளவெடுப்பது முதலில், பிஸ்டன் வாங்குவது அதற்கப்புறம், போரிங் கடைசியில். பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்குக்கும் இதே கதைதான். ஜர்னலை, அதாவது பேரிங் உட்காரும் உருண்டைப் பகுதியை, அளந்து, கிரைண்டிங் முடிந்து, எத்தனை தௌ குறைந்தது என்று தெரிந்த பிறகுதான் பேரிங். கிரைண்டிங் செய்பவரிடம் ஜர்னலின் ஓரத்தில் இருக்கும் வளைவை அப்படியே விடச் சொல்லுங்கள். அதைச் சதுர மூலையாக வெட்டிவிட்டால் விரிசல் அங்கேதான் தொடங்கும்.

சரி, எந்தக் கம்பெனி? இந்தியா பிஸ்டன்ஸ் செம்பியத்தில் தொடங்கியது, ரானே வால்வும் சென்னைதான், பைமெட்டல் பேரிங்ஸ் கோயம்புத்தூர். நம்ம ஊர்க்காரர்களுக்கு இதில் பஞ்சமில்லை. ஆனால் அம்பாசிடர் உற்பத்தி உத்தரபாராவில் 2014-லேயே நின்றுவிட்டது. இன்று கிடைப்பதில் பெரும்பகுதி அலமாரியில் தூங்கிய சரக்கு. இதில் என் கட்சி இது: உலோகச் சாமான் பழைய சரக்காக இருந்தால் பரவாயில்லை, எண்ணெய்த் தாள் பிரிக்காத பேரிங் கிடைத்தால் கும்பிட்டு வாங்கலாம். ரப்பர், கார்க், ஹோஸ் மட்டும் புதிது வேண்டும். பத்து வருஷம் கிடந்த ஆயில் சீல் விறைத்துப் போயிருக்கும். பெட்ரோலில் இப்போது 20 சதவீதம் எத்தனால் வருவதால் பழைய ரக ஹோஸும் பம்ப் டயாஃப்ரமும் நிற்காது. எத்தனாலுக்கு ஏற்றதா என்று கேட்டு வாங்குங்கள்.

ஹெட் விஷயமும் பட்டியலில் இல்லை. சிலிண்டர்களின் மேல் மூடியான இந்த ஹெட் வார்ப்பிரும்பு. எக்ஸாஸ்ட் வால்வு அந்த இரும்பின் மேலேயே உட்காரும். ஈயம் கலந்த பெட்ரோல் இருந்த காலத்தில் அந்த ஈயமே சீட்டை, அதாவது வால்வு உட்காரும் இடத்தை, காப்பாற்றியது. 2000 பிப்ரவரியோடு நாடு முழுக்க அது போய்விட்டது. ஹெட் பட்டறைக்குப் போகும்போதே கடினமான எக்ஸாஸ்ட் சீட்டு வளையம் அடித்துவிடுவது நல்லது. செலவு கொஞ்சம்தான். வால்வுகளைத் திறக்கும் கேம் ஷாஃப்டை மாற்றினால், அதன் மேல் உரசும் டேப்பெட்டையும் சேர்த்து மாற்றுங்கள், பழைய டேப்பெட் புதுக் கேமைத் தின்றுவிடும்.

இனி என் சொந்தத் துறைக்கு வருகிறேன். உங்கள் பட்டியலில் என்ஜின் பெயிண்ட் இருக்கிறது, போல்ட் என்ற வார்த்தையே இல்லை. இந்த அம்பாசிடர் என்ஜினில் இருப்பது அங்குல மரை, யு.என்.எஃப். என்ற நெருக்கமான மரை ரகம். நம்ம கடைகளில் கேட்காமலே கையில் கிடைப்பது மில்லிமீட்டர் போல்ட். 5/16 அங்குலம் என்பது 7.94 மி.மீ., எம்8 என்பது 8 மி.மீ. பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மரை இடைவெளி வேறு: 5/16-க்கு அங்குலத்துக்கு 24 மரை, எம்8-க்கு ஏறத்தாழ 20. ஸ்பேனரில் பலம் கொடுத்தால் ஒரு சுற்று, ஒன்றரைச் சுற்று இறங்கும், அதோடு பிளாக்கில் இருக்கும் மரை போச்சு. பழைய போல்ட்டைக் கையில் எடுத்துப் போங்கள், புது நட்டை அதில் விரலாலேயே சுற்றிப் பாருங்கள்.

அடுத்தது வலிமை. மில்லிமீட்டர் போல்ட்டின் தலையில் 8.8 என்று இருந்தால், சதுர மில்லிமீட்டருக்கு 800 நியூட்டன் இழுவை தாங்கும், அதில் 80 சதவீதம் வரை நிரந்தரமாக நீளாது என்று பொருள். அங்குல போல்ட்டில் எண் இருக்காது, கோடுகள் இருக்கும்: மூன்று கோடு கிரேடு 5, ஆறு கோடு கிரேடு 8. தலை மொழுக்கென்று இருந்தால் அதை என்ஜினுக்குள் போடாதீர்கள். ஒரு கடையில் எனக்கு “இதுவும் ஹைடென்சில்தான் சார்” என்று தலையில் ஒன்றுமே இல்லாத போல்ட்டை நீட்டினார்கள். எங்கள் ஆலையில் அப்படி ஒன்று வந்தால் தொட்டிக்குத்தான் போகும். பளபளப்புக்காக ஸ்டெயின்லெஸ் போடுகிறவர்களும் உண்டு. வழக்கமான ஏ2-70 ரகத்தின் இழுவை வலிமை 700-தான், 8.8-ஐ விடக் குறைவு. ராக்கர் கவருக்குப் போடலாம், ஹெட்டுக்கு வேண்டாம்.

ஹெட் ஸ்டட் (ஹெட்டைப் பிடித்திருக்கும் தலையில்லாத போல்ட்) கிடைக்கவில்லை என்று லேத்தில் கடைந்து வாங்கும் பழக்கமும் இருக்கிறது. ஆலையில் மரையை உருட்டி அழுத்தி எடுப்போம், இரும்பின் இழை அறுபடாமல் மரையோடு வளைந்து போகும். லேத்தில் வெட்டினால் இழை அறுந்துவிடும். பார்க்க இரண்டும் ஒன்றுதான், திரும்பத் திரும்பப் பாரம் ஏறி இறங்கும்போதுதான் வித்தியாசம் தெரியும். இதற்குப் பழைய வண்டிச் சாமான் விற்கும் புதுப்பேட்டையில் தேடி, மரை கெடாத பழைய ஒரிஜினல் ஸ்டட் எடுப்பதே மேல். பிராக்கெட், மேனிஃபோல்டு, ராக்கர் கவர் எல்லாம் புதுப்பேட்டையில் தாராளமாக எடுக்கலாம். கனெக்டிங் ராடு போல்ட்டும் டைமிங் செயினும் மட்டும் பழசு வேண்டாம்.

ராடு போல்ட் தளராமல் பூட்டும் மெல்லிய தகடான லாக் பிளேட்டைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை. முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் போல்ட்டை முறுக்கிய பிறகு பிளேட்டின் காதை மடித்துவிட வேண்டும். ஒருமுறை மடித்து நிமிர்த்திய காது இரண்டாம் முறை ஒடிந்துவிடும். ஒடிந்த துண்டு ஆயிலோடு சுற்றும், போல்ட்டும் தளர ஆரம்பிக்கும், ராடு பிளாக்கைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தால் மொத்தச் செலவும் தண்ணீரில். லாக் பிளேட்டின் விலை பெயிண்ட் டப்பாவின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது.

தொடரின் அடுத்த பகுதியை எழுதும்போது, கடைக்காரர்களிடம் கேட்டதோடு நிறுத்தாமல் ஒரு போரிங் பட்டறையிலும் அரை நாள் உட்கார்ந்து கேட்டு எழுதச் சொல்லுங்கள். பட்டியலையும் திருத்தி ஒருமுறை போடுங்கள். பிஸ்டனுக்கு முன்னால் ‘அளவெடுப்பு’ என்று ஒரு வரி, பெயிண்டுக்கு முன்னால் லாக் பிளேட், அவ்வளவுதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொரட்டூர், சென்னை