பஸ் ஸ்டாப் வளைவிலிருந்து அம்மா எழுதுவது

அன்பு மகனுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ சொன்னது இன்னும் மனதில் உறுத்திக்கொண்டே இருக்கிறது. வளைந்து நெளிந்த தடத்தில் ஸ்டாக் கார், அதாவது கடையில் விற்கும் காரின் தோற்றம் கொண்ட அந்தக் கனத்த அமெரிக்கப் பந்தயக் கார், ஓடுவது, குதிரைப் பந்தயத்தில் எருமையை இறக்கிவிட்டது போல இருக்கிறது என்றாய். பிரான்சுக்குப் போனதிலிருந்து லெ மான் என்ற 24 மணி நேர ஸ்போர்ட்ஸ் கார் பந்தயம் உன்னை முழுதாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டுவிட்டது. அப்போதே பதில் சொல்லியிருப்பேன். பேச்சு வளர்ந்து சண்டையில் முடிந்திருக்கும். அதனால்தான் கடிதம்.

காரைப் பற்றி நீ சொன்னதை நான் மறுக்கவில்லை. ஸ்டாக் கார் வளர்ந்ததே இடப்பக்கம் மட்டும் திரும்பும் நீள்வட்டத் தடங்களில்தான். 2022-இல் வந்த புதிய கார்கூட, ஆள் ஏறாமல், பெட்ரோல் ஊற்றாமல் சுமார் 1,450 கிலோ எடை. 5.86 லிட்டர் வி8 இன்ஜின், வந்தபோது 670 குதிரைத்திறன். அதை அடக்க, சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏபிஎஸ் கிடையாது, சக்கரம் வழுக்கிச் சுழல்வதைத் தடுக்கும் டிராக்‌ஷன் கன்ட்ரோல் கிடையாது. முகப்பு விளக்கு என்று தெரிவது ஒட்டிய படம். உன் ஸ்போர்ட்ஸ் கார் பந்தயங்களில் ஓடும் ஜிடி3 காருக்கோ எடையும் குறைவு, பின்னிறக்கை அதைத் தரையோடு அழுத்திப் பிடிக்கிறது, பிரேக்கை ஓங்கி மிதித்தாலும் சக்கரம் பூட்டிக்கொள்ளாது.

1954-இல் நியூ ஜெர்சியின் லிண்டன் விமான நிலையத்தில் ஸ்டாக் கார் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பு தன் முதல் வளைவுத் தடப் பந்தயத்தை நடத்தியபோது, ஸ்டாக் கார், ஸ்போர்ட்ஸ் கார் இரண்டையும் சேர்த்தே ஓடவிட்டார்கள். வென்றவர் ஆல் கெல்லர். அவர் ஓட்டியது ஜாகுவார் எக்ஸ்கே120 ஸ்போர்ட்ஸ் கார். அன்றைக்கே உன் கட்சிதான் ஜெயித்தது.

ஆனால் நான் வளைவுத் தடத்துக்குப் போவது ஓட்டுகிறவரைப் பார்ப்பதற்காக.

நியூயார்க் மாநிலத்து வாட்கின்ஸ் கிளென் தடத்தில் நாம் வழக்கமாக உட்காரும் மேடு உனக்கு மறந்திருக்காது. நீண்ட நேர்ப்பாதை முடிகிற இடம், எல்லோரும் பஸ் ஸ்டாப் என்று அழைக்கிற அந்த இரட்டை வளைவு, எதிரே வெளிர் நீலத் தடுப்புக் கம்பி, உன் மடியில் புளிசாத டப்பா. ஜூன் மாத ஆறு மணி நேரப் பந்தயத்தில் ஜிடி கார் வரும், பிரேக் பிடிக்கும், வலம், இடம், போய்விடும். உள்ளே இருப்பவர் செய்தது சின்ன வேலை இல்லை. இருந்தாலும் அந்தத் திறமையைக் கார் தனக்குள்ளேயே மறைத்து வைத்துக்கொள்கிறது. மேட்டில் உட்கார்ந்திருக்கும் எனக்கு அது தெரிவதில்லை.

அதே இடத்துக்கு ஸ்டாக் கார் வரும்போது என்ன நடக்கும்? மூக்கு தாழும், பின்பக்கம் கனம் இழந்து அலைபாயும். சக்கரத்துக்குள் பிரேக் தட்டு கனன்று சிவந்திருக்கும். வரம்புக் கட்டையில் ஏறியதும் முன்சக்கரம் ஒன்று காற்றில் தொங்கும். அது தரையைத் தொடும் முன்பே ஓட்டுகிறவர் ஸ்டீயரிங்கை மறுபக்கம் ஒடித்திருப்பார். ஜன்னல் வலைக்குப் பின்னால் கையுறை ஒரு கணம் மின்னி மறையும். பழைய கார் இன்னும் பொல்லாதது. பின் அச்சு ஒரே தண்டு என்பதால், கியரை ஒரு நொடி முன்னதாகக் குறைத்தாலும் பின்சக்கரங்கள் இரண்டும் துள்ளத் தொடங்கி, கார் சுழன்று நின்றுவிடும். இப்படியே சுற்றுக்குச் சுற்று.

ஷேன் வான் கிஸ்பெர்கனை எடுத்துக்கொள். நியூசிலாந்துக்காரர், 2023 ஜூலையில் சிகாகோ தெருக்களில் நாஸ்காரின் உயர்நிலைத் தொடரான கோப்பைத் தொடரில் தன் முதல் பந்தயத்திலேயே வென்றார். 1963-க்குப் பிறகு யாரும் அப்படி வென்றதில்லை. மற்றவர்களில் பெரும்பாலோர் இடக்காலால் பிரேக் மிதிக்கிறார்கள். அவர் வலக்காலாலேயே பிரேக்கை மிதித்து, அதே பாதத்தைச் சற்றுச் சாய்த்து ஆக்சிலரேட்டரையும் தட்டுகிறார். 2025-இல் மட்டும் ஐந்து வெற்றி, ஐந்தும் இத்தகைய தடங்களில். நம் கிளெனும் அதில் ஒன்று. கார் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். வித்தியாசம் அந்தப் பாதத்தில் இருக்கிறது.

2012 ஆகஸ்ட்டில் கிளெனில் நாம் பார்த்த ஸ்டாக் கார் பந்தயத்தை மறந்துவிட்டாயா? உனக்குப் பதினான்கு வயது. கடைசிச் சுற்றில் தடமெங்கும் எண்ணெய். முன்னால் போன கைல் புஷ் இடிபட்டுச் சுழன்றார். கெசலோவ்ஸ்கியும் ஆம்ப்ரோஸும் புல்லிலும் மண்ணிலும் இறங்கி ஏறி, ஒருவரை ஒருவர் உரசிக்கொண்டு வந்தார்கள், ஆம்ப்ரோஸ் வென்றார். நீ என் தோளைப் பிடித்து உலுக்கிக் கத்தினாய். சேலையில் புளிசாதம் கொட்டியதை இருவருமே வீட்டுக்கு வந்த பிறகுதான் பார்த்தோம்.

அந்த பஸ் ஸ்டாப் அங்கே வந்த கதையை உனக்கு நான் சொன்னதே இல்லை. 1991 ஜூனில் நேர்ப்பாதை முடிகிற அதே வளைவில் ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிய டாமி கெண்டல் தடுப்பில் மோதினார். இரு கால்களும் நொறுங்கின. ஆகஸ்டில் அதே வளைவில் ஸ்டாக் கார் ஓட்டிய ஜே.டி. மெக்டஃபி மோதி இறந்தே போனார். மறு ஆண்டு வேகத்தைக் குறைக்க அந்த இரட்டை வளைவைக் கட்டினார்கள். உன் கார், என் கார் என்று நாம் பிரித்துப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்த இருவரும் நினைவுக்கு வருகிறார்கள்.

2023-இல் லெ மானிலிருந்து நீ அனுப்பிய ஒலிப்பதிவு இன்னும் என் போனில் இருக்கிறது. ஸ்டாக் கார் கமாரோ ஒன்றை எடை குறைத்து, உண்மையான முகப்பு விளக்கும் கார்பன் பிரேக்கும் பொருத்தி அனுப்பியிருந்தார்கள். ஜிம்மி ஜான்சன், ஜென்சன் பட்டன், மைக் ராக்கன்ஃபெல்லர் ஓட்டினார்கள். "தரையே அதிர்கிறது அம்மா" என்று அந்த இன்ஜின் இரைச்சலுக்கு நடுவே நீதான் கத்துகிறாய். தகுதிச் சுற்றில் ஜிடி கார்கள் அத்தனையையும் முந்திய அது, 24 மணி நேரமும் ஓடி 285 சுற்று முடித்தது. 1976-இல் அங்கே போன டாட்ஜ் சார்ஜர் ஸ்டாக் கார் இரண்டே சுற்றில் இன்ஜின் பழுதாகி நின்றது. அந்த அவமானத்துக்கு 47 ஆண்டு கழித்துக் கிடைத்த பதில் என்றே அதை நான் நினைக்கிறேன்.

ஆனாலும் உன் பந்தயத்தில் இருக்கிற ஒன்று என் பந்தயத்தில் இல்லை. காரைக் கைமாற்றுவது. பந்தயத்தின் நடுவே காரை நிறுத்திக் கவனிக்கும் இடமான பிட்டில் ஒருவர் வெளியே குதிக்கிறார், இன்னொருவர் உள்ளே நுழைகிறார். வெளியே வந்தவர் உடனே போய்விடுவதில்லை. குனிந்து உள்ளே கைவிட்டு அடுத்தவருக்கு இருக்கை வாரை இழுத்து மாட்டிவிட்ட பிறகே நகர்கிறார். ஸ்டாக் காரில் தொடக்கம் முதல் முடிவு வரை ஒருவர்தான்.

2001 பிப்ரவரியில் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட்டும் அவர் மகனும் ஒரே கார்வெட் ஸ்போர்ட்ஸ் காரை வேறு இருவரோடு மாறி மாறி ஓட்டினார்கள். வாழ்நாளெல்லாம் ஸ்டாக் கார் ஓட்டிய மனிதர், மழையில், மகனுடன் ஒரே இருக்கையைப் பகிர்ந்துகொண்டு நான்காவதாக வந்தார். இரண்டு வாரம் கழித்து, அதே டேடோனாவில், 500 மைல் பந்தயத்தின் கடைசி வளைவில் மோதி இறந்தார். நீ அப்போது மூன்று வயதுக் குழந்தை. என் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். அப்பா டிவியை நிறுத்திவிட்டு வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நல்லவேளை, அந்தக் கார்வெட்டை ஓட்டினார்" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

வரும் ஜூனில் ஆறு மணி நேரப் பந்தயத்துக்கு வந்துவிடு. முதல் மூன்று மணி நேரம் பிட் பக்கம் நிற்போம்; நீ காட்டுவதையெல்லாம் பார்க்கிறேன். அதன் பிறகு மேட்டுக்குப் போகலாம். மழைக்கோட்டு எடுத்து வா. உன்னுடையது இங்கே அளவு சிறியதாகக் கிடக்கிறது.

அன்புடன்,
அம்மா