செங்கம் பஸ் ஸ்டாண்ட் ஜெராக்ஸ் கடை அக்காவுக்கு

பொறியியல் கவுன்சலிங்கில் தங்கச்சிக்கு சீட் கிடைத்துவிட்டது. பர்கூர் அரசு பொறியியல் கல்லூரி, டிரிபிள் இ, அதாவது மின்னியல், மின்னணுவியல் படிப்பு. அதற்காக அந்த மூன்று நாள் நாங்கள் பட்ட பாடு உங்களுக்கே தெரியும், அதைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நேற்றுதான் அம்மா ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அக்கா, உங்கள் பெயர்கூடக் கேட்காமல் வந்துவிட்டேன். எந்தக் காலேஜ், எந்தப் படிப்பு வேண்டும் என்று வரிசையாகப் பதியும் விருப்பப் பட்டியல் போடக் கடைசி நாளுக்கு முந்தின ராத்திரி, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டீர்கள், அப்புறமும் எங்களை உள்ளே விட்டீர்கள். நான் எழுதி வந்த பட்டியலில் எங்கள் ஊர் வழியாக பஸ் விடும் காலேஜ்தான் முதலில் இருந்தது. கணக்கு முழுசாக, இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதியாகப் போட்டு 200க்கு 164 கட்ஆஃப், இதை வைத்துக்கொண்டு பெரிய இடத்துக்கு ஆசைப்பட்டு உள்ளதும் போய்விடக் கூடாதே என்ற பயம் எனக்கு. நீங்கள் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, கம்ப்யூட்டர் பட்டியலை மேலே இருந்துதான் பார்த்துக்கிட்டு வரும், எது காலியா இருக்கோ அதோட நின்னுடும், கீழே நீ எழுதினதை எட்டிக்கூடப் பார்க்காது. ஆசைப்பட்டதை மேலே போட்டா ஒண்ணும் குறைஞ்சிடாது" என்றீர்கள். சரி, இதையாவது வேறு யாராவது சொல்லியிருப்பார்கள். ஆனால் எழுந்து உங்கள் நாற்காலியைத் தங்கச்சிக்குக் கொடுத்து, "பாப்பா, உனக்கு என்ன படிக்கணும்?" என்று கேட்டீர்களே, எங்கள் வீட்டில் அதுவரை அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை, நான் உட்பட. அவள் மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் என்று ஏதேதோ சொன்னாள். எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். பட்டியலில் 41 இடங்களை அவளே கம்ப்யூட்டரில் ஒவ்வொன்றாக அடித்தாள். பிரிண்டுக்கு நூறு ரூபாய் நீட்டினேன், எண்ணி எண்பதைத் திருப்பிக் கொடுத்தீர்கள்.

ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றிதழில் ஞாயிற்றுக்கிழமை கையெழுத்துப் போட்ட தலைமை ஆசிரியர், சாயங்கால வகுப்புக்குக் காசு வாங்காத கணக்கு சார், ஓடிபி வரப் போனையே கொடுத்துவிட்டுப் போன நண்பன், எல்லோருக்கும் நன்றி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் படிப்புச் செலவும் விடுதிச் செலவும் அரசுடையது, எங்களுக்குப் பெட்டி வாங்கும் செலவுதான்.

அடுத்த வருஷம் கவுன்சலிங் நடக்கிற வாரம் திருப்பூரிலிருந்து வந்து உங்கள் கடையில் உட்காரப் போகிறேன் அக்கா, வருகிற பிள்ளைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்க. சூப்பர்வைசரிடம் லீவு இப்போதே சொல்லிவிட்டேன். ஒரு ஸ்டூல் மட்டும் போட்டு வையுங்கள்.