பசிபிக் தரையிறக்கமும் சரக்கு ஏற்றும் வரிசையும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிப் போர் விளையாட்டுகளைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். இரண்டாம் உலகப் போரின் பசிபிக் களத்தை ஆடவைக்கும் 'வார் இன் தி பசிபிக்: அட்மிரல்ஸ் எடிஷன்' பற்றித் தமிழில் எழுதியதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். ஆனால், எதிரியைப் போல மூன்று மடங்கு படையைக் கப்பலில் ஏற்றிவிட்டால் எந்தத் தீவையும் பிடித்துவிடலாம் என்று கட்டுரையாளர் சொல்வதை ஏற்க முடியவில்லை. புதிதாக ஆட வருகிறவர்கள் அதை நம்பினால் முதல் தரையிறக்கத்திலேயே படையைப் பறிகொடுப்பார்கள்.

இந்த விளையாட்டில் ஒரு படைப்பிரிவுக்கு இலக்குத் தீவைக் குறித்த பிறகு, அதன் ஆயத்தப் புள்ளி (அந்தத் தாக்குதலுக்கு அது எவ்வளவு தயார் என்று காட்டும் எண்) நூறைத் தொட மாதக்கணக்கில் ஆகும். நடுவில் இலக்கை மாற்றினால் மறுபடி பூஜ்யம்தான். மிகச் சிறிய பவளத்தீவுகள் 6,000 பேரைத்தான் தாங்கும். அதற்கு மேல் ஆளைக் கொட்டினால் உணவும் குண்டும் வீணாகும், படையும் குலையும். போதாததற்கு, பவளத்தீவில் இறங்கிய உடனே நேரடித் தாக்குதலில் குதித்தாக வேண்டும். நிஜப் போரில், 1943 நவம்பரில் ஜப்பானியர் வசமிருந்த தராவா பவளத்தீவில் அமெரிக்கர்கள் இறங்கியபோது நடந்ததும் அதுதான். நீர்மட்டம் ஏறாததால் படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றுவிட, வீரர்கள் குண்டு மழையில் தண்ணீருக்குள் நடந்தே கரைக்குப் போனார்கள். 76 மணி நேரத்தில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் சுமார் ஆயிரம் பேர் இறந்தார்கள்.

சரக்கு ஏற்றும் வரிசையைக் கட்டுரை தொடவே இல்லை. எனக்கு அதுதான் பெரிய குறை. கரையில் முதலில் வேண்டியது கப்பலில் கடைசியாக ஏற வேண்டும். அப்படி அடுக்கினால் இடம் நிறைய வீணாகும், கூடுதல் கப்பல் வேண்டும். 1942 ஜூலையில் சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனாலுக்குப் புறப்பட வேண்டிய அமெரிக்க மரைன் படையின் (கடலிலிருந்து கரையிறங்கித் தாக்கும் படை) சரக்கு, வணிகக் கப்பலில் அடுக்குவது போல, வரிசை பாராமல் இடத்தை நிரப்பி அடுக்கப்பட்டு நியூசிலாந்தின் வெலிங்டன் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. அத்தனையையும் இறக்கி மறுபடி அடுக்க வேண்டியதாயிற்று. அங்கே அப்போது குளிர்காலம், விடாத மழை. மரைன்களே முறை வைத்து இரவு பகலாகச் சுமந்தார்கள். அட்டைப்பெட்டிகள் ஊறிப் பிய்ந்து, உள்ளே இருந்த உணவுப் பொருள் துறைமேடையில் கூழாகக் கிடந்தது. இடம் போதாமல் 90 நாள் கையிருப்பை 60 நாளாகக் குறைத்தார்கள்.

ஆகஸ்ட் 7 அன்று குவாடல்கனால் கரையில் எதிர்ப்பே இல்லை. அப்புறம்தான் சிக்கல். இறக்கிய பெட்டிகளை உள்ளே கொண்டுபோக ஆள் பற்றாமல் கடற்கரையிலேயே மலையாகக் குவிந்தன. விமானந்தாங்கிக் கப்பல்கள் விலகிப் போய்விட, பக்கத்திலிருந்த சாவோ தீவுக் கடற்சண்டையில் நேச நாடுகளின் நான்கு குரூசர் போர்க்கப்பல்களும் பறிபோக, 9ஆம் தேதி சரக்குக் கப்பல்கள் பாதிச் சரக்கை இறக்காமலே கிளம்பிவிட்டன. மரைன்களுக்கு நாளுக்கு இரண்டு வேளைச் சாப்பாடுதான். அதிலும் ஜப்பானியர் விட்டுப்போன அரிசி கைகொடுத்தது.

தரையிறக்கம் பற்றித் தனிக் கட்டுரை வரப்போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். படை எண்ணிக்கை அட்டவணைகளைக் குறைத்துக்கொண்டு, எந்தக் கப்பலில் எதை ஏற்றுவது, இறக்க எத்தனை நாள் பிடிக்கும், அத்தனை நாளும் விமானப் பாதுகாப்பு நீடிக்குமா என்பதை ஏதாவது ஒரு தீவை வைத்துக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். 1944 ஜூனில் அமெரிக்கர்கள் இறங்கிய சைபான் தீவு பொருத்தமாக இருக்கும். அங்கேயும் படை இறங்கிய சில நாளிலேயே ஜப்பானியக் கப்பற்படை வருகிறது என்று தெரிந்து, சரக்குக் கப்பல்களில் பெரும்பாலானவற்றைக் கிழக்கே விலக்கி நிறுத்த வேண்டியிருந்தது.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திருச்சி