உண்ணிக் காய்ச்சல்: கழலையைத் தொட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கலப்பின மாடுகளுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். பால் காசில் குடும்பம் நடத்தும் எங்கள் பக்கத்துக்கு அவசியமான கட்டுரை. ஆனால் இந்தக் காய்ச்சலை உண்டாக்கும் தைலேரியா கிருமி ரத்த வெள்ளை அணுக்களை அழிக்கிறது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். முதலில் நடப்பது நேர்மாறு. அந்த அணுக்களை அது சாகவே விடுவதில்லை.

உள்ளே கிருமி புகுந்து நெருக்கடி முற்றினால், உடலின் அணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும். கூடவே கிருமியும் ஒழியும். தைலேரியா இந்த ஏற்பாட்டையே முடக்கிவிடுகிறது. அணுவை உயிரோடு வைத்திருக்கும் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தை ஓயாமல் முடுக்கிவிடுகிறது. சேதமான அணுவைச் சாகத் தூண்டும் பி53 புரதத்தை அடக்கிவைக்கிறது. அப்புறம், அணு இரண்டாகப் பிரியும்போது குரோமோசோம்களை இழுக்கும் இழைகளில் ஒட்டிக்கொண்டு இரண்டு சேய் அணுக்களுக்குள்ளும் போய்விடுகிறது. வகுப்பில் எத்தனையோ ஒட்டுண்ணிகளைப் பற்றிப் பாடம் நடத்தியிருக்கிறேன். இவ்வளவு வியக்கவைத்தது வேறொன்றில்லை. இப்படிப் புற்று அணுக்களைப் போலப் பெருகுபவைதான் காதடியிலும் தோளுக்கு முன்புறமும் கழலை (நிணநீர் முடிச்சு) வீக்கமாகத் தெரிகின்றன. பியூபார்வாகுவோன் ஊசியில் கிருமி செத்தால், அந்த அணுக்களும் பெருகுவதை நிறுத்திச் செத்துவிடும்.

இங்கே பலர் சூடு தணிய ஒரு ஊசி போட்டு, மாடு தீவனத்தில் வாய் வைத்ததும் சரியாகிவிட்டது என்று விட்டுவிடுகிறார்கள். போன கோடையில் பக்கத்து வீட்டு ஜெர்சி கிடேரி அப்படித்தான் போனது. காதடியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் இருந்தும் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. கிருமி சிவப்பணுக்களுக்கும் பரவி, கண் இமையின் உட்புறம் வெளுத்த பிறகுதான் மருத்துவரைக் கூப்பிட்டார்கள். அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. காய்ச்சலோடு கழலை வீங்கிய அன்றைக்கே கண்ணாடித் தகட்டில் ரத்தப் பூச்சு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்திருந்தால் பிழைத்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

நாட்டு மாடுகள் இதைப் பெரும்பாலும் தாங்கிக்கொள்கின்றன, கலப்பினங்கள் தாங்குவதில்லை. இதற்குத் தடுப்பூசி உண்டு என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. வீரியம் குறைத்த கிருமி உள்ள அணுக்களைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்துக் கொண்டுவர வேண்டியிருப்பதால், அது எல்லா ஊருக்கும் எளிதில் எட்டுவதில்லை. கொட்டகைச் சுவரின் விரிசல்களில் உண்ணி பதுங்கும், மாட்டின் மேல் மட்டும் மருந்து அடித்தால் போதாது என்பதையும் எழுதியிருக்கலாம்.

கழலைகள் இருக்கும் இடங்களைக் குறித்த மாட்டின் படம் ஒன்றை அடுத்த இதழில் பெரிதாகப் போடுங்கள். கொட்டகையில் ஒட்டிவைக்க உதவும்.

ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.