போணி ஆகாத நாள்

மாட்டுங்கா, மும்பை

அன்புள்ள செல்விக்கு,

உன் வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். பழம்பொருள் கடை போட்டும் வாரக்கணக்கில் போணி ஆகவில்லை, சாமான்களைப் பார்த்தாலே எரிச்சலாக வருகிறது, பேசாமல் பழைய வேலைக்கே போய்விடவா என்கிறாய். போனில் சொன்னால் நடுவில் புகுந்து பேசுவாய். அதனால்தான் கடிதம்.

வேலைக்குப் போவதும் போகாததும் உன் இஷ்டம். ஆனால் நீ அனுப்பிய படங்களைப் பார்த்ததுமே சங்கதி புரிந்துவிட்டது. தேக்குத் தூண், கண்ணாடி அலமாரி, ஆளுயர விளக்கு. உன் முதல் பூராவும் அதிலேயே முடங்கிக் கிடக்கிறது. அதை வாங்குகிற ஆள் எப்போதாவதுதான் வருவான், கடை வாடகையோ மாசாமாசம் வரும். இங்கே சோர் பஜார் என்கிற பழைய சாமான் சந்தையில், மட்டன் ஸ்ட்ரீட்டில் தாக்குப்பிடிக்கிற கடைகளைப் பார். வாசலில் பித்தளைப் பூட்டு, கதவுக் கைப்பிடி, லாந்தர், பழைய சினிமா போஸ்டர். சோறு போடுவது அதுதான். உள்ளே நிற்கிற பெரிய கட்டில் முதலாளியின் ஆசைக்கு. அதையும் சும்மா விடமாட்டார்கள், சினிமா செட்டுக்கு வாடகைக்கு விடுவார்கள். நீயும் உன் அலமாரியைக் கல்யாண மேடை போடுகிறவர்களிடமும் விளம்பரப் படக்காரர்களிடமும் காட்டு. அனுப்புமுன் மூலைமுடுக்கெல்லாம் படம் எடுத்து வை, முன்பணம் வாங்காமல் வண்டியில் ஏற்றாதே.

எரிச்சலுக்கு வருகிறேன். விற்றால்தான் சந்தோஷம் என்றிருந்தால் இந்தத் தொழிலில் முக்கால்வாசி நாள் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டுதான் உட்கார வேண்டும். போணி ஆகாத நாளில் நான் லென்ஸை எடுத்துப் பழைய சாமி படங்களைப் பார்ப்பேன். ஓவியர் ரவிவர்மா 1894-இல் இந்த ஊரில்தான் அச்சகம் தொடங்கினார். அந்தப் படங்களுக்கு நகல் எக்கச்சக்கம். இன்றைய ஆப்செட் அச்சென்றால் லென்ஸில் புள்ளிகள் வரிசை கட்டி நிற்கும். கல்லில் வரைந்து அச்சடித்த பழைய கல்லச்சில் மணலைத் தூவிவிட்டாற்போலத் தாறுமாறாகக் கிடக்கும். சரஸ்வதியின் கன்னத்தில் அந்தத் தாறுமாறைக் கண்டுபிடித்த அன்றைக்குக் கல்லா காலியாக இருந்தாலும் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

உன் ஊர்ச் சரக்கே ஒன்று இருக்கிறது, ஹெச்எம்டி வாட்ச். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து பெங்களூரில் ஆரம்பித்தது. டயலுக்குப் புதுப் பெயின்ட் அடித்து, கண்ட கண்ட பாகத்தைச் சேர்த்து விற்கிறார்களே, அதற்குச் சேகரிப்பவர்கள் வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. நம்ம ஊர் மானம் இப்படிப் போகிறது! நல்லதையும் கலப்படத்தையும் பக்கத்தில் வைத்துப் படித்துக்கொள். சின்னச் சாமான், சட்டென்று கைமாறும், தபாலிலும் போகும்.

படத்தில் இருந்த அந்தக் கூஜாவைப் புளி போட்டு ஏன் அப்படித் தேய்த்தாய்? சேகரிக்கிறவன் அந்தப் பழுப்புக்குத்தான் காசு கொடுக்கிறான். தூசியைத் தட்டு, களிம்பை மட்டும் எடு, போதும். கழுத்தில் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கிறதே, யார் வீட்டுச் சீரோ, அதன் மேல் கையை வைக்காதே. அந்தப் பெயருக்காகவே வாங்குகிறவர்கள் உண்டு.

தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள் ஒருவர் ஐம்பொன் அம்மன் இருப்பதாகச் சொன்னார் என்றாயே, அவருக்குப் பதிலே போடாதே. 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி நூறு வருஷம் தாண்டினால் அது தொல்பொருள். கையெழுத்துச் சுவடிக்கு 75 வருஷமே போதும். அதை வியாபாரம் செய்ய லைசென்ஸ் வேண்டும். சிலையென்றால் பதிவுச் சான்றிதழும் வேண்டும். தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவே கூடாது. எந்தக் கோயிலில் இருந்து இறக்கினார்களோ, யார் கண்டது? பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். நூறு வருஷத்துக்கு உட்பட்ட சாமானே உனக்கு ஆயுசுக்கும் போதும்.

தசராவுக்குக் கடையைச் சாத்திவிட்டு வாயேன். வியாழன் ராத்திரியே வந்துவிடு. மட்டன் ஸ்ட்ரீட் கடைகளுக்கு வெள்ளிக்கிழமை லீவு, ஆனால் விடியுமுன்னே தெருவில் சந்தை கூடிவிடும். டார்ச் நான் எடுத்து வருகிறேன். நீ பத்து, இருபது ரூபாய் நோட்டாக நிறையக் கொண்டு வா, ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டிக்கொண்டு பேரம் பேசினால் ஒருவனும் இறங்கமாட்டான்.

அப்பா